சாட்சியிடம் கேட்காத கேள்வி

எங்கள் அலுவலகத்தில் பட்டம் வாங்கியவர்கள் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் தெரிந்தவள் கீழே, தேநீர்க் கெட்டிலுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். இதை நான் இன்றைக்குப் புதிதாகச் சொல்லவில்லை. அப்போதே பெரியவர் மிஸ்டர் லம்ப் காதுபடச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பெயர் டோரீன் ஆக்ராய்ட். அப்பா சாயப்பட்டறையில், அம்மா கம்பள ஆலையில். எங்கள் ஆலை ஊரான ஹாலிஃபாக்ஸில் அந்தக் காலத்தில் பாதிக் குடும்பம் அப்படித்தான். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, 1961இல் லம்ப் அண்ட் சட்கிளிஃப் சொலிசிட்டர் அலுவலகத்தில் தேநீர் போடவும் கடிதம் கொண்டு கொடுக்கவும் சேர்ந்தாள். மூன்று வருஷம் கழித்து நான் தட்டச்சுக்கு வந்தேன். அதற்குள் அவளும் தட்டச்சுக்கு ஏறியிருந்தாள். இருபத்து மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் அவள் புருஷன் ஒருவர்தான், அவருக்கு எழுத்து என்றாலே ஆகாது.

சொலிசிட்டர் என்றால் தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் முழங்குகிறவர் இல்லை. வீடு வாங்க, விற்க, உயில் எழுத, செத்தவர் சொத்தைப் பிரிக்க என்று ஊர் ஜனம் வந்து உட்காருவது இவர் எதிரில்தான். பல்கலைக்கழகத்தில் படித்த பையன்கள்தான் அந்த நாற்காலிக்கு வருவார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். டோரீனும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஒருநாள் ஒரு வீட்டுப் பத்திரத்தைத் தட்டச்சு செய்யும்போது பாதியில் நிறுத்தினாள்.

"மேவிஸ், இந்த வீட்டுக்குப் பின்சந்துல நடக்குற உரிமை எங்க? பழைய பத்திரத்துல இருக்கு, இதுல காணோம்."

"உனக்கு எதுக்கு? இருக்கிறதை அடி," என்றேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். பத்து நிமிஷம் கழித்து மிஸ்டர் லம்ப் தானே கீழே இறங்கி வந்தார். அவர் படியிறங்கி நான் பார்த்ததே அன்றுதான். "மிஸஸ் ஆக்ராய்ட், நீங்க பரீட்சை எழுதணும்," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்ப ஏறிவிட்டார்.

பட்டம் இல்லாதவர்களுக்கு ஒரு சுற்றுவழி இருந்தது. அலுவலக எழுத்தர்களுக்கான சட்டப் பரீட்சைகளை வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அதில் தேறி, வருஷக்கணக்கில் அனுபவம் சேர்த்து, பிறகு பட்டதாரிகள் எழுதும் அதே கடைசிப் பரீட்சையை எழுத வேண்டும். அத்தனையும் முடிந்தால் லண்டனில் இருக்கும் சொலிசிட்டர்கள் சங்கம் ஆளைப் பார்த்து, யோக்கியமானவர் என்று தோன்றினால் சேர்த்துக்கொள்ளும். மாடியில் இருந்தவர்கள் ஆறு வருஷத்தில் கடந்த தூரத்தை டோரீன் பத்தொன்பது வருஷத்தில் கடந்தாள்.

எங்கே படித்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பேருந்தில். அவள் புருஷன் கிளிஃபர்ட், பக்கத்து ஊரான ஹெப்டன் பிரிட்ஜுக்குப் போகும் முதல் பேருந்தின் ஓட்டுநர். காலை ஐந்து நாற்பதுக்கு வண்டி எடுப்பார். வீட்டில் குளிர், கைக்குழந்தை, கூடவே எதற்கெடுத்தாலும் குற்றம் சொல்லும் மாமனார். பேருந்திலோ சூடு உண்டு, டிக்கெட் கிடையாது. மாமனாரிடம் குழந்தையை விட்டுவிட்டு அவள் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். பிறகு வீட்டுக்கு ஓடிக் குழந்தைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஒன்பதுக்கு அலுவலகம்.

கேள்வியை ஒரு பக்கமும் பதிலை மறுபக்கமும் எழுதிய அட்டைகள் வைத்திருப்பாள். முதலில் கிளிஃபர்ட் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆலைக்குப் போகும் பெண்கள் அட்டையைப் பிடுங்கிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

"ஏய், இதுக்குச் சொல்லு பாப்போம். அடமானம் வெச்சவன் செத்துப்போனா?"

"அவ சொல்றதுக்குள்ள நான் சொல்லவா?" என்பார் கிளிஃபர்ட் முன்னாலிருந்து.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுய்யா!"

அந்தப் பெண்களில் ஐரீன் கிளெக் என்று ஒருத்தி. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள், கம்பள ஆலையில் வேலை. வாய் என்றால் அப்படி ஒரு வாய். டோரீன் வரிச் சட்டத்தில் முதல் தடவை தோற்றபோதும் அதே பேருந்தில் ஏறினாளாம். "தோத்துட்டேன்," என்றாளாம் டோரீன். ஐரீன் கையை நீட்டி, "சரி, அட்டையை எடு. நான் இறங்குறதுக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு," என்றாளாம். வரியில் இரண்டாம் தடவையும் தோற்றாள். சொத்துச் சட்டத்தில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் முடிவு வந்த அன்று நேரத்துக்கு வேலைக்கு வந்தாள். எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக வரும். ஒருநாளாவது அழுது தொலைக்கக்கூடாதா என்று நினைப்பேன்.

1987 வசந்தத்தில் கடைசிப் பரீட்சையும் தேறிவிட்டாள். நாற்பத்தோரு வயது. லண்டனுக்கு விண்ணப்பம் போயிற்று. அதில் ஓர் உறுதிமொழி உண்டு: என் தகுதியைப் பாதிக்கும்படியாக என் வேலையில் எதுவும் நடந்ததில்லை. அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். மூன்றே வாரத்தில் பதில் வந்துவிடும் என்றார் மிஸ்டர் லம்ப். கிளிஃபர்ட் புது கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டார்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் ஐரீன் கிளெக் வந்தாள்.

ஐரீனின் பக்கத்து வீட்டுக் கிழவர் சேத் மிஜ்லி அப்போதுதான் இறந்திருந்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். ஆலை மூடிய பிறகு ஐரீன்தான் அவருக்குச் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, கடைசிவரை பார்த்துக்கொண்டாள். தன் வீட்டை ஐரீனுக்கும், மீதியெல்லாம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி மகன் கோர்டனுக்கும் என்று அவர் உயில் எழுதியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த உயிலை எழுதிக் கையெழுத்து வாங்கியது டோரீன். வாடகை வீட்டிலேயே காலம் தள்ளிய ஐரீனுக்கு முதல்முறையாகச் சொந்த வீடு. தாள்களில் கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தாள்.

போட்டு முடித்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டோரீன் கண்ணு, உனக்கு ஒரு விஷயம் சொல்லட்டா? இனிமே ஒளிச்சு வெக்க ஒண்ணுமில்ல. நானும் வால்ட்டரும் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."

"அடேயப்பா! எப்போ?" என்று கத்தியது நான்தான். வால்ட்டர் பின்ஸ் ஐரீனின் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஐரீன் வீட்டு வாடகைக்காரர்'.

"எட்டு வருஷம் ஆச்சு! ஸ்கார்பரோல போயி, ரெண்டு பேரைத் தெருவுல பிடிச்சு சாட்சி வெச்சு. என் மகன்தான், அப்பா இருந்த வீட்டுல இன்னொருத்தன் வந்தா பேரப்புள்ளைங்களைக் கண்ணுலயே காட்ட மாட்டேன்னு குதிச்சான் இல்ல? போன மாசம்தான் அவனா இறங்கி வந்து, 'அம்மா, எனக்கு எப்பவோ தெரியும்'ங்கிறான். எட்டு வருஷம் என் புருஷனை நான் 'மிஸ்டர் பின்ஸ்'னு கூப்பிட்டிருக்கேன்டி!"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டோரீன் பக்கம் திரும்பினேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். உயிலால் சொத்து பெறுகிறவரோ, அவருடைய புருஷன் பெண்டாட்டியோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால் உயில் நிற்கும், ஆனால் அவருக்குக் கொடுத்தது செல்லாது; அது மீதிச் சொத்தோடு சேர்ந்துவிடும். வழக்கமாக டோரீனும் நானுமே சாட்சியாகப் போவோம். சேத்தின் உயில் போட்ட ஜனவரியில் எனக்குக் காய்ச்சல். மலைப்பாதையெல்லாம் பனி. சேத் கிழவருக்கு மறுநாள் மருத்துவமனை. இன்றைக்கே போட்டாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். டோரீன் தனியாக நடந்து போயிருக்கிறாள். வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த வால்ட்டரைக் கூப்பிட்டு இரண்டாவது சாட்சியாக வைத்திருக்கிறாள். உயிலில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. சாட்சிக்கு அதைக் காட்டுவதில்லை.

எந்தச் சாட்சியையும் டோரீன் முதலில் கேள்வி கேட்காமல் விடமாட்டாள். சொத்து பெறுகிறவர்கள் யாருக்காவது நீங்கள் உறவா, கல்யாணம் கட்டியவரா? ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பாள். அன்று மட்டும் கேட்கவில்லை. அவள் அடுத்த தெருவில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு எல்லோரையும் தெரியும். விதவை வீட்டில் மேலறையில் இருக்கும் ஆம்பளையிடம், நீ அவளைக் கட்டியவனா என்று எங்கள் ஊரில் எவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் செருப்படி.

ஐரீன் போனபிறகு கதவைச் சாத்தினேன்.

"டோரீன், இங்க பாரு. நான் எதையும் கேக்கல. நீயும் கேக்கல."

அவள் உயில் நகலை எடுத்துப் பிரித்தாள்.

"உயில்ல ஐரீன் கிளெக்னு இருக்கு. சாட்சி வால்ட்டர் பின்ஸ். எவன் கண்டுபிடிப்பான்? சேத் என்ன நினைச்சாரோ அதுதான் நடக்கப்போகுது. அவர் மலமூத்திரம் அள்ளினவளுக்கு வீடு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"கோர்டனுக்கு," என்றாள்.

"ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பத் துப்பில்லாதவன்!"

"வாழ்த்து அனுப்பலன்னா சொத்து கிடையாதுன்னு சட்டம் இல்ல மேவிஸ்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். பத்தொன்பது வருஷம். அந்தப் பேருந்து, அந்த அட்டைகள், மூன்று தோல்வி. எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கொண்டுபோய்க் கொட்டப் போகிறாள். அவள் எழுந்து மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், யாரும் கூப்பிடாமல்.

மிஸ்டர் லம்ப் முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

"சொல்லத்தான் வேணும், மிஸஸ் ஆக்ராய்ட். அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா இன்னைக்கே சொல்லணும்னு இல்லையே? உங்க விண்ணப்பம் லண்டன்ல இருக்கு. மூணு வாரம். நீங்க உள்ள போயிடுங்க. அப்புறம் எழுதுவோம்."

நல்ல யோசனை என்று நான் தலையை ஆட்டினேன்.

"என் வேலையில ஒண்ணும் நடக்கலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன், மிஸ்டர் லம்ப்," என்றாள் டோரீன். "போட்டப்போ அது நிஜம். இன்னைக்குக் காலைல பதினோரு மணியிலேருந்து பொய். அதை அங்கயே விட்டுட்டு நான் உள்ள போக முடியாது."

"சேர்த்துக்காம விட்டுடலாம், தெரியுமில்ல?"

"தெரியும்."

அன்று மத்தியானமே இரண்டு கடிதம் சொன்னாள், நான் அடித்தேன். ஒன்று லண்டனுக்கு, ஒன்று ஆஸ்திரேலியாவுக்கு. "சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை" என்ற வரியை அடிக்கும்போது, காய்ச்சலால் என்று என்னைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னேன். "உனக்குக் காய்ச்சல் வந்ததால எனக்கு வாய் அடைச்சுப்போச்சா?" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே ஒரு பயம் வந்தது. கூட வேலை பார்க்கிறவள்மேல் அப்படியொரு பயம் வரும் என்று நான் நினைத்ததில்லை. மரியாதை தாங்க முடியாமல் போனால் அப்படித்தான் இருக்கும்போல.

மறுநாள் ஐரீனை வரவழைத்தாள். என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போகவில்லை.

"வீடு எனக்கு இல்லையா?" என்றாள் ஐரீன். "வால்ட்டர் ஒரு கையெழுத்துப் போட்டதுக்கா?"

"ஆமா. தப்பு அவர்மேல இல்ல. என்மேல."

"நீ சும்மா இருந்திருந்தா?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்போ ஏன்டி சொன்ன? உன் வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்துச்சு அன்னைக்கு அவர்கிட்ட கேக்க? அப்போ மூடிக்கிட்டிருந்த வாயை இப்போ எதுக்குத் திறந்த?"

டோரீன் மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு தாளை எடுத்து ஒரு பெயரை எழுதி மேசைமேல் நகர்த்தினாள்.

"ஐரீன், என் தப்பால உனக்கு நஷ்டம். எங்க ஆபீஸ்மேல நீ நஷ்டஈடு கேக்கலாம், கேக்கணும். அதுக்கு நான் உனக்கு யோசனை சொல்லக்கூடாது. இவர் ப்ராட்ஃபோர்டுல இருக்காரு. கெட்டிக்காரர். விடமாட்டாரு."

"உன்மேலயே கேஸ் போட நீயே வக்கீல் பேரு எழுதித் தரியா?"

"ஆமா."

ஐரீன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, "பஸ்ஸுல உனக்கு அட்டை பிடிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்றுவிட்டுப் போனாள். டோரீன் அன்று சாப்பிடவில்லை. நான் வாங்கிவந்த பன்றி இறைச்சி வைத்த ரொட்டி மேசையில் அப்படியே ஆறிப்போயிற்று.

கோர்டனின் பதில் சுருக்கமாக வந்தது. நன்றி, வீட்டை விற்றுவிடுங்கள். எவனோ ஒரு பல் வைத்தியன் வாங்கி, சேத்தின் வாசல் கதவுக்கு மஞ்சள் சாயம் அடித்தான். ப்ராட்ஃபோர்டு வக்கீல் சொன்னபடியே விடவில்லை, எங்கள் காப்பீட்டுக்காரர்கள் ஐரீனுக்கு வீட்டின் மதிப்பைக் கொடுத்தார்கள். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த வீடு. தினமும் அந்த மஞ்சள் கதவைத் தாண்டித்தான் கடைக்குப் போனாள். எங்கள் அலுவலகம் இருக்கும் பக்கம் வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவாள்.

லண்டனிலிருந்து மூன்று வாரத்தில் பதில் வரவில்லை. மூன்று மாதம் கழித்து நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கிளிஃபர்ட் விடுப்புப் போட்டு, அந்தப் புது கோட்டைப் போட்டுக்கொண்டு கூடப் போனார். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். அதில் ஓர் அம்மாள், "உங்களுக்குப் பட்டம் இல்ல. இந்த விதி உங்களுக்குச் சொல்லித் தரப்படலையோ?" என்று கேட்டாராம், தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிடுவதுபோல.

"நல்லாத் தெரியும், மேடம். இருபது வயசுலேருந்து தெரியும்," என்று டோரீன் அந்தக் கதவைச் சாத்திவிட்டாளாம். "அவர் முகத்தைப் பாத்துக் கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அதனால கேக்கல. இனிமே கூச்சப்பட மாட்டேன்."

இதை வந்து சொன்னது கிளிஃபர்ட். டோரீனிடம் கேட்டால் "போனோம், வந்தோம்" என்பாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. நின்றபடியே படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். "மேவிஸ், பார்க்கின்சன் வீட்டுப் பத்திரம் முடிஞ்சுதா?" என்றாள்.

"என்னடி போட்டிருக்கு?"

"சேத்துக்கிட்டாங்க."

நான்தான் அழுதேன். மிஸ்டர் லம்ப் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாடியில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார்கள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜன்னல் வழியே தெருவின் எதிர்ச்சாரியை அவள் பார்ப்பதை நான் பலமுறை பார்த்தேன்.

அடுத்த பிப்ரவரியில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், ஐரீன் படியேறி வந்தாள். பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி வால்ட்டர். நான் கோப்பு வைக்க மாடி அறையில் நின்றுகொண்டிருந்தேன். ஐரீன் என்னையும் பார்க்கவில்லை, டோரீனிடம் வணக்கமும் சொல்லவில்லை. உட்கார்ந்தாள்.

"உயில் எழுதணும். எனக்கும் இவருக்கும்."

டோரீன் பேனாவை எடுத்தாள். "ஐரீன்... ப்ராட்ஃபோர்டுல அவர் இருக்காரே..."

"இங்க பாரு, உன்மேல இருக்கிற கோவம் இன்னும் போகல. போகுமான்னும் தெரியாது. அதுக்காக என் உயிலை வேற ஒருத்தன் கையில குடுக்க நான் என்ன பைத்தியமா?"

டோரீன் மேசையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தாள். பேனா அவள் கையிலேயேதான் இருந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் அவள் கண் நிறைந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தாளை நேராக வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"முழுப் பேரு சொல்லு," என்றாள்.

"ஐரீன் பின்ஸ்," என்றாள் ஐரீன். "மிஸஸ்."